பால்மமாக்கியும் கொல்லாமையும்

எண்ணெயும் நீரும் ஒன்றாகா என்பதை நாம் அறிவோம். ஆயினும், முகத்திலும் கைகளிலும் பூசும் கிரீம்களில் அவ்விரண்டும் பிரியாமல் கலந்திருக்கின்றன. அவற்றை அவ்வாறு இணைத்து வைப்பது 'பால்மமாக்கி' எனப்படும் பொருள். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நம் இல்லங்களில், அது செயற்படும் முறையையும் அது பெறப்படும் மூலத்தையும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் செயல்முறையைக் காண்போம். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீரும் இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் ஊற்றிக் குலுக்குக. சிறிது நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். சோப்புக் கரைசல் சிறிது சேர்த்து மீண்டும் குலுக்கினால், கலவை பால்போல் வெளுத்து நெடுநேரம் பிரியாதிருக்கும். சோப்பின் மூலக்கூறுக்கு நீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. வால்கள் எண்ணெய்த் துளியில் புதைய, தலைகள் நீரை நோக்கி நிற்கும். இவ்வாறு போர்த்தப்பெற்ற துளிகள் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. எண்ணெய்க் குளியலில் சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் எண்ணெயை அகற்றுவதும் இவ்வகையிலேதான். அவற்றிலுள்ள சபோனின் தாவரம் தரும் பால்மமாக்கியாகும்.

கணியம்பாடியில் வாழும் நமக்கு மற்றொரு சான்றும் அண்மையில் உண்டு. வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிற்சாலைகளில், பதனிட்ட தோல் விறைத்துப் போகாதிருக்க எண்ணெயை நீருடன் பால்மமாக்கித் தோலினுள் ஊறச் செய்கின்றனர்.

இனி, மூலப்பொருள்களுக்கு வருவோம். கிரீம்களில் பயன்படும் ஸ்டியரிக் அமிலம் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் கிடைக்கும், பாமாயிலிலிருந்தும் கிடைக்கும். லெசித்தின் முட்டையின் மஞ்சட் கருவிலும் உண்டு. சோயா மொச்சையிலும் உண்டு. பழைய முறைக் கோல்டு கிரீமில் தேன்மெழுகும் வெங்காரமும் வினைபுரிந்து பால்மமாக்கி உண்டாகிறது. தேனை விலக்கி வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு ஒன்றை உற்று நோக்குக. கொழுப்பிலிருந்து பெற்றதாயினும் பாமாயிலிலிருந்து பெற்றதாயினும், ஸ்டியரிக் அமிலத்தின் மூலக்கூறு ஒன்றே. பட்டியலில் அச்சிடப்படும் பெயரும் ஒன்றே. ஆகவே உறையிலுள்ள பெயரைப் படிப்பதால் மட்டும் அதன் பிறப்பிடம் விளங்காது. கண்ணும் மூக்கும் இதில் துணை செய்யா.

சோப்பு, ஷாம்பு, பற்பசை, ஒப்பனைப் பொருள்கள் ஆகியவற்றின் உறைகளில், தாவர மூலமாயின் பச்சைப் புள்ளியும் விலங்கு மூலமாயின் சிவப்பு அல்லது பழுப்புப் புள்ளியும் இடுமாறு நடுவண் அரசு 2014-ஆம் ஆண்டில் விதியைத் திருத்தியது. வாங்குமுன் அப்புள்ளியைத் தேடுவோம். அது காணப்படாவிடில், உறையில் அச்சிட்டுள்ள நுகர்வோர் தொடர்பு எண்ணில், "இதிலுள்ள பால்மமாக்கி எதிலிருந்து பெறப்பட்டது?" என்று கேட்போம். தெளிவான விடை கிடைக்காத பொருளை விலக்குவோம்.

பயிற்சி:

1. மேற்கண்ட புட்டிச் சோதனையைச் சோப்புக்கு மாற்றாகச் சிகைக்காய்த் தூள் கொண்டு செய்து பார்க்க.

2. வீட்டிலுள்ள மூன்று கிரீம்களின் உறைகளைப் படித்து, மூலம் விளங்காத பொருள்களைப் பட்டியலிடுக.