மண்ணுக்குள் ஒரு கண்ணாடி வாயில்

சென்ற ஆண்டு நம் சங்கக் கூட்டம் முடிந்து திரும்புகையில் இலக்கிய மாணவர் ஒருவர், "நாள் முழுதும் ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார். "கண்ணாடிக்குள் கம்பியைச் செருகுகிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இரண்டாண்டுகள் செலவிட வேண்டிய வேலையா அது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று நேரமில்லாமையால் சொல்லாமல் விட்டதை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன். பௌதிகம் பயிலாத நண்பர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே சூத்திரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மலையும் மழையும்

நான் இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே மலையேறி வந்தவர். மூணாற்றுப் பக்கத்து லயங்களில் வாழ்வோர் பெரும்பாலும் இவ்வாறு வந்த தமிழர்களே. எங்களுக்கு மழை வேலையும் சோறும் தருவது. அதுவே அச்சமும் தருவது.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்து லயங்களின்மேல் விழுந்தது. இறந்தோரும் காணாமற் போனோருமாக 70 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். நான் அப்போது பள்ளிப் படிப்பை முடித்து வீட்டில் இருந்தேன். "மலை பெயரப் போகிறது என்பதை முன்கூட்டி அறிய வழியே இல்லையா?" என்று என் தாயார் கேட்டார்கள். அன்று எனக்கு விடை தெரியவில்லை.

முழு விடை இன்றும் எவரிடமும் இல்லை. ஆயினும் ஒரு பகுதி விடை உண்டு. அது மூணாற்றிலேயே செயல்பட்டுக் காட்டப்பட்டது. 2005ஆம் ஆண்டில் சரிவுக்கு உள்ளான அந்தோணியார் காலனி என்னும் குடியிருப்பில், அமிர்தா விசுவ வித்யாபீடத்து ஆய்வாளர்கள் 2008, 2009 ஆண்டுகளில் மண்ணுக்குள் துளையிட்டு அளவுக் கருவிகளை இறக்கினர். அவை தரும் செய்திகள் கம்பியின்றிக் கடத்தப்பட்டுச் செயற்கைக்கோள் வழியே கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரி வளாகத்தை அடைந்தன. 2009 ஜூலையில் கடுமழையின்போது மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறுவதைக் கண்டு எச்சரிக்கை விடுத்தனர்.

மண்ணுக்குள் ஒரு தந்தி

நீரழுத்தத்தை ஏன் அளக்க வேண்டும்? மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால் உண்டாகும் உராய்வு. மழைநீர் இறங்கித் துகள்களின் இடைவெளிகளை நிரப்பி அழுத்தம் பெறும்போது, பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கத் தொடங்குகிறது. துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. இதனை 1920களில் விளக்கியவர் மண் இயக்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் டெர்சாகி. ஆகவே உள்ளழுத்தம் ஏறுவது சரிவுக்கு முன்னறிவிப்பாகிறது.

இதை அளக்கும் கருவி 'பீசோமீட்டர்' எனப்படும். அதில் ஒரு வகை மிக எளிமையானது. ஓர் எஃகு உருளை; அதன் ஒரு முனையில் மெல்லிய உலோகத் தகடு; தகட்டின் உட்புறத்தில் கட்டப்பட்டு இறுக்கப்பட்ட எஃகுத் தந்தி. வெளியே நீர் அழுத்தினால் தகடு சற்றே உள்வாங்கும். தந்தியின் இறுக்கம் குறையும். மின்காந்தம் ஒன்று தந்தியை மீட்டிவிட்டு, அதன் அதிர்வெண்ணைக் கேட்கும். வீணைக்காரர் முறுக்காணியைத் தளர்த்தினால் சுருதி இறங்குவது போல, நீரழுத்தம் ஏறினால் சுருதி இறங்கும். அவ்வளவே.

ஆனால் இக்கருவி ஆண்டுக்கணக்கில் ஈரமண்ணில் புதைந்து கிடக்க வேண்டும். பத்து மீட்டர் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் அதன்மேல் கூடும். உள்ளே ஒரு துளி ஈரம் புகுந்தால் போதும். தந்தி துருப்பிடிக்கும், சுருதி மாறும். கருவி வாய் மூடிப் போனாலாவது பழுது என்று தெரிந்துவிடும். தவறாகப் பேசத் தொடங்கினாலோ கேடு பெரிது. இல்லாத ஆபத்துக்கு இருமுறை மக்களை நள்ளிரவில் எழுப்பிவிட்டால், மூன்றாம் முறை உண்மை ஆபத்தின்போது எவரும் வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள்.

உருளையைப் பற்றவைத்து மூடிவிடலாம். எஃகின் வழியே நீர் புகாது. ஆனால் மின்கம்பி உள்ளே போயாக வேண்டுமே! அது போகும் துளைதான் கோட்டையின் திட்டிவாசல். கம்பி எஃகைத் தொடவும் கூடாது. தொட்டால் மின்சாரம் வழிமாறும். மின்சாரத்தை விட்டு நீரையும் காற்றையும் விடாத இந்தத் திட்டிவாசலைப் பொறியாளர் 'ஃபீட்த்ரூ' என்பர். நான் இதை 'மின்வாயில்' என்றே குறிப்பிடுகிறேன்.

ரப்பர் போதாதா?

ரப்பராலோ எபாக்சிப் பிசினாலோ அடைத்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். குறுகிய காலத்துக்குப் போதும். ஆனால் ரப்பரும் பிசினும் எவ்வளவு கெட்டியாகத் தோன்றினாலும் நீராவி அவற்றினூடே மெல்ல ஊடுருவிச் செல்லும். நாட்பட ரப்பர் இறுகிப் பிளவும் காணும்.

இதை என் கண்ணாலேயே கண்டேன். என் அத்தை வீடு பாலக்காட்டு மாவட்டத்தின் தமிழக எல்லையில், கோவிந்தாபுரத்தை அடுத்து உள்ளது. அங்கே தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின்பெட்டி பழுதாயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே நீர்த்துளிகள்! மழை நேரே புக வழியில்லை. காரணம் இதுதான்: பகல் வெயிலில் பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். பெட்டி நாள்தோறும் ஒருமுறை மூச்சு விடுகிறது. இறுகிப்போன ரப்பர் வளையம் அதைத் தடுக்கவில்லை. கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் மட்டுமன்று, சனவரி விடியலில் உறைநிலையை நெருங்கும் மூணாற்றிலும் இதே கதைதான்.

கண்ணாடியோ நீராவியை ஊடுருவ விடுவதில்லை, மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை, துருப்பிடிப்பதுமில்லை. பின் என்ன தடை? அது உடையும் என்பதே தடை.

ஒத்துச் சுருங்கல்

ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை ஒரு டிகிரி சூடேற்றினால், செம்பு ஏறத்தாழ 17 மைக்ரான் நீளும், இரும்பு 12, சாதாரணக் கண்ணாடி 9, பிளாட்டினமும் 9. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எபாக்சிப் பிசினோ 50க்கும் மேல்.

இப்போது சாதாரணக் கண்ணாடியை உருக்கிப் பருமனான செம்புக் கம்பியைச் சுற்றி ஊற்றுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 500 டிகிரியில் கண்ணாடி இறுகிவிடும். அங்கிருந்து அறையின் வெப்பநிலைக்கு வருவதற்குள் செம்பு கண்ணாடியைவிட மீட்டருக்கு 3.8 மில்லிமீட்டர் மிகுதியாகச் சுருங்க விரும்பும். கண்ணாடியோ நடைமுறையில் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் இழுவையைக்கூடத் தாங்காது. ஆகவே கம்பி விலகும், அல்லது கண்ணாடி வெடிக்கும்.

எடிசன் காலத்து மின்விளக்குகளில் பிளாட்டினக் கம்பி ஏன் இருந்தது என்பது இப்போது விளங்கும். அதன் விரிவும் கண்ணாடியின் விரிவும் ஒன்றே. ஆனால் விலை? எனவே மலிவான மாற்றைத் தேடினர். இரும்பையும் நிக்கலையும் கலக்கும் விகிதத்தை மாற்றினால் விரிவும் மாறும் என்று கண்டவர் சார்லசு கியோம். 1920இல் நோபெல் பரிசு பெற்றவர். அவ்வழியே, இரும்பு-நிக்கல் கம்பியின்மேல் செம்புறை போர்த்திய 'டூமெட்' கம்பி வந்தது. பின்னர், 1930களில், அமெரிக்க வெஸ்டிங்கவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவர்டு ஸ்காட் 29 விழுக்காடு நிக்கலும் 17 விழுக்காடு கோபால்ட்டும் மீதி இரும்பும் கொண்ட 'கோவார்' என்னும் கலப்புலோகத்தை ஆக்கினார். அதன் விரிவு 5 மைக்ரான் அளவே. போரோசிலிகேட் கண்ணாடி வகைகள் சில அதனுடன் ஏறக்குறைய ஒன்றாகவே சுருங்குகின்றன. இது 'ஒத்த அடைப்பு'.

மற்றொரு வழியும் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நம் ஊர்களில் கண்டோர் இருப்பர். பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி நீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடிக்கும். அவ்வாறே வெளியே எஃகு வளையம், நடுவே கண்ணாடி, அதன் மையத்தில் உலோக ஊசி என அமைத்தால், குளிரும்போது எஃகு மிகுதியாகச் சுருங்கிக் கண்ணாடியை நாற்புறமும் நெருக்கும். இழுத்தால் உடையும் கண்ணாடி, நெருக்கினால் அதைப்போல் பல மடங்கு தாங்கும். அதன் குறையைப் புறத்தே வைத்து வலிமையை மட்டும் பயன்கொள்ளும் இம்முறை 'அமுக்க அடைப்பு' எனப்படும். உயர் அழுத்தம் உள்ள இடங்களுக்கு இது உகந்தது. நம் வீட்டுக் குளிர்பெட்டியின் கம்பிரசருக்குள் மின்சாரம் புகும் மூன்று ஊசிகளும் பெரும்பாலும் இத்தகைய கண்ணாடியில்தான் நிற்கின்றன.

செய்கையும் சோதனையும்

சுருக்கம் ஒத்தால் மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். கண்ணாடி தூய உலோகத்தின்மேல் நன்கு பரவுவதில்லை. உலோகத்தின் ஆக்சைடு படலத்தின்மேல்தான் பரவிப் பற்றும். ஆகவே முதலில் கோவாரை ஈர ஹைட்ரஜனில் சூடேற்றிக் கரியை நீக்குவோம். இல்லையேல் பின்னர் கண்ணாடியில் குமிழி எழும். பிறகு அளவாக ஆக்சைடு ஏற்றுவோம். அடுத்து, எஃகு வளையம், கண்ணாடி மணி, ஊசி மூன்றையும் கிராஃபைட்டு அச்சில் கோத்து, நைட்ரஜன் சூழ்ந்த உலையில் 1,000 டிகிரிக்கு அண்மையில் உருக்கி, மெல்லக் குளிர்விப்போம்.

அந்த 'மெல்ல' என்ற சொல்லின் பொருளை நான் பட்டே அறிந்தேன். முதல் தொகுதியை ஊருக்குப் போகும் அவசரத்தில் உலையிலிருந்து முன்னதாக எடுத்துவிட்டேன். மேசைமேல் வைத்த சற்றைக்கெல்லாம் 'கிண், கிண்' என்று ஒவ்வொன்றாக வெடித்தன. இரண்டாம் தொகுதி அழகாக வந்தது. ஒரு கீறலும் இல்லை. பெருமையுடன் சோதித்தேன், அனைத்தும் கசிந்தன. ஆக்சைடு போதவில்லை. வெடித்தவை நேர்மையானவை, தம் குறையை உரக்கச் சொல்லிவிட்டன. அழகாக இருந்தவற்றைத்தான் அஞ்ச வேண்டும் என்று அன்று கற்றேன்.

கசிவை எவ்வாறு காண்பது? ஒருபுறம் வெற்றிடமாக்கி, மறுபுறம் ஹீலியத்தைப் பாய்ச்சுவோம். ஹீலியம் மிகச் சிறிய இடுக்கிலும் நுழையும். நிறமாலைமானி அதைக் கண்டுகொள்ளும். வளிமண்டல அழுத்தத்தில் வினாடிக்கு நூறு மில்லியனில் ஒரு கன சென்டிமீட்டருக்கு மேல் கசியக் கூடாது என்பது வழக்கமான அளவுகளுள் ஒன்று. அந்த வேகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் வாயு கசிந்து முடிய மூன்றாண்டுகளுக்கும் மேலாகும். மூன்று பருவமழைகளைக் காணும் காலம் அது.

முடிவாக

நண்பர்களே, பழைய குண்டு பல்பு ஒன்று கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். கம்பி கண்ணாடித் தண்டினுள் புகும் இடத்தில் சிறு செந்நிறம் தெரியும். அது டூமெட்டின் செம்பு ஆக்சைடு. கண்ணாடி உலோகத்தோடு உறவு கொண்ட அடையாளம் அதுவே.

கருவி மட்டுமே உயிர் காக்கும் என்று நான் சொல்லவில்லை. சரியும் மலையடியில் வீடு கட்டாதிருத்தலும், எச்சரிக்கை வந்தபோது இறங்கிச் செல்லப் பாதையும் தங்க இடமும் இருத்தலும் அதனினும் முதன்மையானவை. ஆனால் மண்ணுக்குள் புதைத்த கருவி, நாம் மறந்துவிட்ட பின்னும் ஆண்டுக்கணக்கில் உண்மையே பேச வேண்டும். அந்த உண்மை, பட்டாணி அளவுக் கண்ணாடியொன்று எவ்வளவு பொறுமையுடன் குளிர்விக்கப்பட்டது என்பதில் அடங்கியிருக்கிறது.

என் தாயாரின் கேள்விக்கு நான் தரக்கூடிய விடை இப்போதைக்கு இவ்வளவே. மூன்றாம் தொகுதி உலையில் இருக்கிறது. இம்முறை ஊருக்குப் போகும் நாளைத் தள்ளி வைத்திருக்கிறேன்.