ஆனைக்கொய்யா

பிள்ளைகளே, ரொறன்ரோக் கடைகளில் அவகாடோ பார்த்திருப்பீர்கள். எங்கள் குளிரை அந்த மரம் தாங்காது. அதனால் பழம் பெரும்பாலும் மெக்சிக்கோவில் இருந்து வருகிறது. இலங்கையிலும் இந்த மரம் வளரும். அங்கே எங்கள் ஆட்கள் இதை ஆனைக்கொய்யா என்பார்கள்.

எங்கள் வீட்டு அம்மம்மாவுக்கு ஆனைக்கொய்யா என்றால் உயிர். ஊரில் சீனியும் பாலும் போட்டுத்தான் சாப்பிடுவா. பிறகு அவவுக்கு நீரிழிவு வந்தது. சீனியை விட்டா. பழத்தையும் விட்டுவிட்டா.

"அம்மா, பழத்தில பிழை இல்லையே? சீனியிலதானே பிழை?" என்று என் மகள் கேட்டாள்.

சரியான கேள்வி! இந்தப் பழத்தில் சீனி மிகக் குறைவு. கொழுப்பு உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி இதயத்துக்கு நல்லது. 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 7 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. கரட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால், கரட்டின் சத்தும் உடலில் நன்றாகச் சேரும்.

மகள் பழத்தை மசித்தாள். உப்பு, வெங்காயம், தேசிக்காய்ப் புளி சேர்த்தாள். அம்மம்மா ஒரு கரண்டி சாப்பிட்டா.

"சீனி இல்லாமலும் நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. இன்னும் கொஞ்சம் போடு!"

சொற்கள்
நீரிழிவு – இரத்தத்தில் சீனி கூடும் நோய்
நார்ச்சத்து – மலச்சிக்கல் வராமல் உதவும் சத்து
தேசிக்காய் – எலுமிச்சை

பயிற்சி
1. அம்மம்மா ஏன் பழத்தை விட்டா?
2. மகள் எவற்றைச் சேர்த்தாள்?
3. உங்கள் அம்மம்மா அல்லது அப்பம்மா ஊரில் இதை எப்படிச் சாப்பிட்டா? கேட்டு எழுதுங்கள்.