மருந்தடிச்சு வந்தா நெல்லிக்காய் சாறு போதுமா?



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "கத்தரிக்கு மருந்தடிச்சிட்டு வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. நெல்லிக்காய் சாறு குடிச்சா விஷம் முறியும்ங்கிறாங்களே, நிஜமா?" எங்களுக்கு அன்று பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறோம்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பு வேலைக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிவிடும். அதனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதோடு, இரும்பில் துரு ஏறுவது மாதிரி இதயத் தசையும் உள்ளே அரிபடும். இந்த அரிப்பைத்தான் பழச்சத்து குறைக்கலாம்னு நினைக்கிறாங்க. எலிகளுக்குப் பூச்சிமருந்தோடு பழச்சத்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இதயச் சேதம் குறைந்திருக்கிறது. ஆனால் அது எலி. சத்தும் அளந்து கொடுத்தது. முடங்கின நொதியை ஒரு டம்ளர் சாறு மீட்காது.

நெல்லிக்காய் தினமும் சாப்பிடுங்க, நல்லதுதான். ஆனா மருந்தடிச்ச பிறகு வேர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண் மங்கி, மூச்சு முட்டினால் சாறு பிழிஞ்சுகிட்டு உட்காராதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. வண்டி வருவதற்குள் துணியை மாற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்க. மருந்து டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டணும். ஆஸ்பத்திரியில் போடுகிற அட்ரோபின் ஊசிதான் உயிரைக் காக்கும்.

விசாரித்ததில், அந்த அக்கா வீட்டுக்காரரின் பழைய சட்டையைத் துவைக்காமலே மூணு நாள் போட்டு மருந்தடிச்சிருக்காங்க! தோல் வழியாகவும் விஷம் ஏறும். அந்தத் துணியைத் தினமும் தனியாகத் துவைக்கணும். கையுறைகளைக் கூட்டமைப்பு மூலம் மொத்தமாக வாங்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.