சாத்தாவாரிக் கிழங்கு

ஊரில் வேலியோரப் பற்றைகளில் முள்ளோடு படர்ந்து கிடந்த சாத்தாவாரியை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். தமிழ்நாட்டார் இதைத் தண்ணீர்விட்டான் கிழங்கு என்பர். இங்கு மரக்கறிக் கடைகளில் விற்கும் அஸ்பரகஸ் இதன் இனத்ததே. அதில் நாம் உண்பது தண்டு. இதிலே பயன்படுவது கொத்தாய் இறங்கும் வேர்க்கிழங்கு.

ரொறன்ரோ நிலத்தில் நட்டால் முதற் குளிர்காலத்தோடு போய்விடும். ஆழமான பூச்சாடியே பொருத்தம். விதையை ஒரு நாள் ஊறவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றவும். முளைக்க வாரக்கணக்காகும். மே கடைசியில் வெளியே, செப்டெம்பர் முடியுமுன் வீட்டினுள். கிழங்கெடுக்க இரண்டு வருடமாவது செல்லும். (கணக்குப் பார்த்தால் கடைத் தூளே மலிவு!) ஊரிலிருந்து மண்ணோடு வேர் கொண்டுவரச் சட்டம் இடந்தராது.

தோல் சீவி, நடுநாரை உருவி, உலர்த்தி இடித்த தூளைப் பாலிற் கலந்து பிள்ளை பெற்ற தாய்மாருக்குக் கொடுப்பது சித்த வைத்திய வழக்கம்.

ஆனால் ஒன்று. கார்த்திகைப்பூக் கிழங்கும் இங்கே அழகுச் செடிக்காக விற்கப்படுகிறது. வழுவழுப்பாக, கவர்விட்டு இருக்கும். அதிலுள்ள கொல்சிசின் நஞ்சு உயிரையே பறிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டாம். பெயரெழுதாத கிழங்கை, யார் தந்தாலும், அவிக்கவேண்டாம். தூள் வாங்குவோர் போத்தலில் என்.பி.என். என்ற 8 இலக்க எண் உண்டா எனப் பார்க்கவும். 2004 முதல் கனடாவில் இவ்விதி உண்டு. சிறுநீரைப் பெருக்கும் குணமுள்ளதால், வேறு மருந்தெடுக்கும் பெரியவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்கவும்.