பில்லில் ஃபுல் எச்.டி., பேனலில் இல்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் அறந்தாங்கியில் ஒரு கடையில் 40 அங்குல எல்.இ.டி. டிவி வாங்கினேன். விலை 18,500 ரூபாய். பில்லில் ‘ஃபுல் எச்.டி.’ என்று எழுதியிருக்கிறது. கேபிள்காரரும் ‘எச்.டி. பாக்ஸ்’ மாட்டி, மாதாமாதம் கூடுதல் பணம் வாங்குகிறார். ஆனாலும் படம் மங்கல்தான். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகன் அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு, “இது ஃபுல் எச்.டி.யே இல்லை, 1366 x 768” என்கிறான். கடைக்காரரோ, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறதே” என்கிறார். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? இந்தத் தொகைக்கு அது கட்டுப்படியாகுமா?
– வாசகர், மணமேல்குடி

பதில்: போகலாம், கட்டுப்படியாகும். ஆனால் டிவி மீதான புகார் வேறு, கேபிள் மீதான புகார் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் கடைக்காரர் கேபிளைக் கை காட்டுவார், கேபிள்காரர் டிவியைக் கை காட்டுவார்.

முதலில் டிவி. ஃபுல் எச்.டி. என்றால் திரையில் 1920 x 1080 புள்ளிகள் இருக்க வேண்டும். 1366 x 768 இருந்தால் அது ‘எச்.டி. ரெடி’. அந்த வகை டிவியும் 1080 சிக்னலை வாங்கிக்கொள்ளும். திரை ஓரத்தில் ‘1080’ என்றுகூடக் காட்டும். அது உள்ளே வரும் சிக்னலின் அளவு, பேனலின் அளவு அல்ல. “பாருங்க சார், 1080ன்னு வருதே” என்று கடையில் சொன்னால் மயங்க வேண்டாம். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருக்கிறதே என்பதும் பதிலாகாது. டிவியில் அது மின் பாதுகாப்புக்கான முத்திரை; படத் தரத்துக்கானது அல்ல.

ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. தரத்தைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை ரத்து செய்துவிடாது. உங்கள் பலமே அந்தப் பில்தான். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஐந்து மாதம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறாரே என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். அதனால் முழுப் பணத்தை மட்டும் கேட்காமல், அதே அளவில் ஃபுல் எச்.டி. மாடல், அல்லது விலை வித்தியாசம் என்று மாற்றுக் கோரிக்கைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி கேபிள். நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். பாக்ஸிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று முனை வயர் வந்து செருகியிருந்தால், எந்த எச்.டி. பாக்ஸும் பழைய தரத்தில்தான் படம் காட்டும். எச்.டி.எம்.ஐ. வயர் தேவை. அதை மாற்றினாலே பாதிப் புகார் தீரலாம். இரண்டாவது, பாக்ஸ் மட்டும் எச்.டி. ஆக இருந்தால் போதாது, சேனலும் எச்.டி. ஆக இருக்க வேண்டும். சன் டிவியும் சன் டிவி எச்.டி.யும் வேறு வேறு எண்ணில் வரும் தனிச் சேனல்கள், சந்தாவும் வேறு. கூடுதல் பணம் எந்தச் சேனலுக்கு என்று ரசீது கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எச்.டி. சேனல் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு.

“டிராயில் போய்ச் சொல்லுங்கள்” என்று கேபிள்காரர் தட்டிக்கழிக்கலாம். தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது, தொலைத்தொடர்பு, கேபிள் சேவைகளை ஒழுங்குபடுத்தும் டிராயின் வேலை அல்ல. 1997ஆம் ஆண்டின் டிராய் சட்டம், பிரிவு 14, தனி நுகர்வோரின் புகாரை நுகர்வோர் ஆணையத்துக்கே (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்) விட்டுவைத்திருக்கிறது. வோடபோன் ஐடியா – அஜய் குமார் அகர்வால் வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தை அணுகத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது.

நடைமுறை எளிது. 15 நாள் கெடு வைத்து, கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல விவகாரங்கள் அங்கேயே சமரசமாகின்றன. தீராவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பேனலைச் சோதிக்க வேண்டும் என்று ஆணையம் கருதினால் ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட நேரலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

இனி டிவி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் 32 அங்குல டிவிக்கு ஃபுல் எச்.டி. என்று கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 43 அங்குல டிவியை எட்டடியில் இருந்து பார்த்தால், சாதாரணச் சேனலுக்கும் எச்.டி. சேனலுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அதே தூரத்தில் 4கே தனியாகத் தெரிவது அரிது. உங்கள் வீட்டுக்கு எது தேவை என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்று ஆணையம் பார்க்காது. எழுதிக் கொடுத்ததைக் கொடுத்தார்களா என்றுதான் பார்க்கும். ஆகவே மாடல் எண்ணும் ‘1920 x 1080’ என்ற அளவும் பில்லில் ஏறாமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.