காருக்கு அலாய் வீலா? முதலில் எக்ஸெல்லில் ஓட்டிப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டாகிவிட்டது, சீட்டு விளையாடியாகிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் ஓர் எக்ஸெல் பாடம். உங்கள் சில ஆயிரம் ரூபாயையும் இது காப்பாற்றக்கூடும்.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம், சோழவரம், காரனோடை தாண்டிப் போனால் புதுவாயல் வரும். இடதுபுறம் பெரியபாளையம் சாலை பிரியும். நேரே போனால் கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட். அந்தப் புதுவாயலில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். சிப்காட்டில் வேலை, தினமும் தன் சின்னக் காரில்தான் போய் வருகிறார். மகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு காருக்குப் போய்விட்டது.

"சார், நாலு சக்கரத்தையும் 16 இஞ்ச் அலாய் வீலா மாத்தப்போறேன். சக்கரத்துல ஒரு கிலோ குறைஞ்சா பாடியில எட்டு கிலோ குறைஞ்ச மாதிரியாம். கடைக்காரர் சொன்னார். பிக்கப் பறக்குமாம்."

பணத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டார். "அவசரப்படாதீங்க, உங்க கம்ப்யூட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றேன்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரத்தின் நடுப்பகுதி கொஞ்ச தூரம்தான் நகர்கிறது. ஓரம் அதே நேரத்தில் வெகு தூரம் ஓடுகிறது. கார் 60 கி.மீ. வேகத்தில் போனால், டயரின் வெளி ஓரமும் அச்சைச் சுற்றி அதே 60 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே ஓரத்தில் உள்ள ஒரு கிலோவை முன்னே தள்ள ஒரு பங்கு சக்தி, சுற்ற வைக்க இன்னொரு பங்கு சக்தி. மொத்தம் இரண்டு பங்கு. அச்சுக்கு அருகில் வர வர இந்த இரண்டாவது பங்கு குறைந்துகொண்டே போகும். அதாவது சக்கரத்தில் ஒரு கிலோ என்பது பாடியில் அதிகபட்சம் இரண்டு கிலோவுக்குச் சமம். எட்டு மடங்கு எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது எக்ஸெல்லைத் திறக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பாடம் அதிலும் அப்படியே வேலை செய்யும்.

ஏ வரிசையில் 1 முதல் 5 வரை உள்ள செல்களில் டயர் அகலம், உயர விகிதம், ரிம் அங்குலம், ரிம் எடை, டயர் எடை என்று டைப் செய்யவும். முதல் மூன்றும் டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். நண்பரின் டயரில் 165/80 ஆர்14 என்று இருந்தது. 165 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் டயர் சுவரின் உயரம், 14 அங்குல ரிம் என்று அர்த்தம். எடைக்கு எந்தப் புத்தகத்தையும் தேட வேண்டாம். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும்போது பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துவிட்டால் போதும். இங்கே உதாரணத்துக்கு ரிம் 7 கிலோ, டயர் 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பி வரிசையில் 165, 80, 14, 7, 7 என்று கொடுங்கள். சி வரிசையில் மாற்ற நினைக்கும் சக்கரம்: 195, 55, 16, 8.5, 9.

பி6 செல்லில் க்ளிக் செய்து, சக்கரத்தின் மொத்த விட்டத்துக்கான ஃபார்முலா தரவும்:

=பி3*25.4+2*பி1*பி2/100

செல் பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். அவற்றை டைப் செய்ய வேண்டியதில்லை. சம அடையாளத்தைப் போட்டுவிட்டு அந்தந்த செல்லை மவுஸால் க்ளிக் செய்தாலே பெயர் தானாக வந்து உட்காரும். நட்சத்திரக் குறிதான் இங்கே பெருக்கல். என்டர் தட்டினால் 619.6 என்று வரும். இது மி.மீ. கணக்கு.

பி7-ல் ஒரு சக்கரத்தின் 'உணரப்படும் எடை':

=பி4*(1+(பி3*25.4/பி6)^2)+பி5*2

கூரை போன்ற அந்தக் குறி 6-ஆம் எண் கீயில், ஷிஃப்ட்டை அழுத்தினால் கிடைக்கும். அதன் பின் 2 போட்டால் வர்க்கம் என்று பொருள். டயரின் எடை முழுவதும் வெளி ஓரத்திலும், ரிம்மின் எடை முழுவதும் ரிம்மின் ஓரத்திலும் இருப்பதாக வைத்து இந்த ஃபார்முலாவை எழுதியிருக்கிறேன். உண்மையில் அப்படி இராது. ஆகவே வரும் விடை அதிகபட்சம். நிஜம் அதைவிடக் குறைவுதான். பி8-ல் =பி7*4 என்று நான்கு சக்கரத்துக்கும் பெருக்கவும்.

சி வரிசைக்கு மறுபடி டைப் செய்ய வேண்டாம். பி6 முதல் பி8 வரை செலக்ட் செய்யுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து ஒரு கட்டம் வலப்புறம் இழுத்து விடுங்கள். ஃபார்முலாக்கள் தாமாகவே சி வரிசைக்கு மாறிக்கொள்ளும். எக்ஸெல்லில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை இதுதான்.

பி8-ல் சுமார் 93, சி8-ல் சுமார் 121. தராசில் 14 கிலோதான் கூடுகிறது. என்ஜினோ 27 கிலோ கூடியதாக உணர்கிறது. "என்ன சார், அலாய் போட்டா எடை ஏறுது?" என்று நண்பர் திகைத்தார். அலாய் என்பதாலேயே லேசாகிவிடாது. ரிம்மும் டயரும் பெரிதாகும்போது லாபம் கைவிட்டுப் போகிறது. இரண்டு பேருடன் 1000 கிலோ வரும் ஒரு கார் 100 கி.மீ. வேகத்தைத் தொட 15 விநாடி எடுக்கிறது என்றால், இனி ஏறத்தாழ 15.4 விநாடி. பிரேக் பிடிக்கும்போதும் அந்தக் கூடுதல் சக்தியை பிரேக்தான் விழுங்க வேண்டும்.

சரி, அதே அளவில் லேசான அலாய் போட்டால்? சி வரிசையில் 165, 80, 14, 5.5, 7 என்று மாற்றுங்கள். சி8 சுமார் 85. மிச்சம் 8 கிலோ. டிக்கியில் கிடக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை இறக்கி வைத்தால் இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் லாபம், செலவில்லாமல்!

இந்த நெடுஞ்சாலையில் சோழவரத்தில்தான், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில், 1980கள் வரை கார் பந்தயங்கள் நடந்தன. அங்கே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஒருவரை முதலாவதாகவும் இன்னொருவரை இரண்டாவதாகவும் ஆக்கும். அவர்கள் 8 கிலோவுக்குச் செலவழித்ததில் நியாயம் உண்டு. ஒரே சீராக 80-ல் சிப்காட்டுக்குப் போகிறவருக்கு சக்கர எடை அநேகமாகத் தெரியவே தெரியாது. நின்று நின்று கிளம்பும் நகரத்தில் கொஞ்சம் தெரியும்.

ஆனால் எக்ஸெல் சொல்லாத ஒன்றும் உண்டு. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அது கனமானால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங்கால் அதைச் சட்டென்று அடக்க முடியாது. டயர் சாலையை விட்டுக் குதிக்கும். லாரிகள் ஓடித் தேய்ந்த சாலையில் இது முக்கியம். மேலும் 165/80-ல் டயர் சுவர் 132 மி.மீ.; 195/55-ல் 107 மி.மீ. மட்டுமே. இந்த 25 மி.மீ. குறைவதால்தான் பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழுகிறது.

விட்டத்தையும் கவனியுங்கள். சி வரிசையில் 195, 65, 15 என்று கொடுத்தால் சி6-ல் 634.5 வரும், 2.4 சதவீதம் அதிகம். கியர் மாற்றாமலே கியர் மாறியது போல இழுவை அவ்வளவு குறையும். மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 82-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். அதை விட்டு வெளியே போக வேண்டாம்.

நண்பர் கடைசியில் அதே அளவில் நான்கு புது டயரும், காற்றழுத்தம் பார்க்க ஒரு கேஜும் வாங்கினார். மீதிப் பணத்தில் மகளுக்கு பிரிண்டர் வந்தது. அன்று போட்ட ஒர்க்ஷீட் மட்டும் போய்விட்டது. கரண்ட் போகும் முன் சேவ் செய்ய மறந்துவிட்டோம். நீங்கள் கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை இப்போதே அழுத்திவிடுங்கள்.