கழுத்தில் கிடந்த ஐந்து பவுன்

"அக்கா, மூணாவது குறுக்குத் தெரு எது?" என்று கேட்டான் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவன். விடிகாலை ஐந்தரை மணி இருக்கும். வாசல் பெருக்கிவிட்டு விளக்குமாறும் கையுமாக நின்றிருந்த நான், வழி காட்ட இரண்டடி முன்னால் போனேன். போயிருக்கக் கூடாது. வழியை நின்ற இடத்திலிருந்தே சொல்லலாம். எஞ்சினை அணைக்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்கிறவனுக்கு கேட்டுக்கு உள்ளே போய் நின்றுகொண்டு சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அவன் கை என் கழுத்துக்கு வந்ததுமே தாலிச் செயினை இறுகப் பிடித்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, என் கை தானாகப் போனது. பைக் நகர்ந்தது. நாலைந்து அடி என்னை இழுத்துக்கொண்டே போனது. முழங்கால் தேய்ந்தது, கழுத்தில் சூடு போட்டதுபோல் ஒரு கோடு. செயின் அறுந்தது. ஒரு துண்டும் தாலியும் என் கையில், இன்னொரு துண்டு அவன் கையில்.

என்னைத் துணிச்சல்காரி என்றார்கள். அது துணிச்சல் இல்லை, முட்டாள்தனம். தலை தார் ரோட்டில் மோதியிருந்தால் ஐந்து பவுனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டியில் இருப்பவன் இழுத்தால் விட்டுவிடுங்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எனக்குக் குரலே வரவில்லை. சினிமாவில் மாதிரி 'காப்பாத்துங்க' என்று கத்துவோம் என்றுதான் நாற்பத்தெட்டு வயது வரை நினைத்திருந்தேன். தொண்டையில் காற்றுதான் வந்தது. இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு மொட்டை மாடியில் 'திருடன்' என்று கத்திப் பழகுகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குக் கதவைத் திறக்காத தெரு கிடையாது.

தெருமுனையில் மழைக்குப் பறித்துக்கொண்ட பள்ளம். பைக் அதில் சறுக்கியது. ஓட்டியவன் வண்டியைத் தூக்கிக்கொண்டு தப்பிவிட்டான், பின்னால் இருந்தவன் பால்காரரிடம் மாட்டினான். ஐந்து நிமிடத்தில் கரண்ட் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள். என் கொழுந்தனார் உருட்டுக்கட்டையோடு ஓடி வந்தார். மறைப்பானேன், நானும் விளக்குமாற்றால் இரண்டு வைத்தேன்.

நிறுத்தியவர் எதிர்வீட்டு ஏட்டய்யா. ரிட்டயர் ஆகி வருஷக்கணக்காகிறது. "கட்டையைக் கீழ போடுங்க தம்பி. இவன் செத்தா ஒரு செயினுக்காக இத்தனை பேரும் உள்ள போகணும்" என்றார். அவரே 112-க்குப் போன் போட்டார்.

அன்று சாயங்காலம் காபி டம்ளரோடு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான் நான் கற்ற சட்டம். நம்மைத் தற்காத்துக்கொள்ளும் உரிமை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. நம் உடம்புக்கு மட்டுமில்லை, அடுத்தவர் உடம்புக்கும், உடைமைக்கும் அது உண்டு. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்ற நியாயமான பயம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றில் தடுக்கும்போது எதிராளி செத்தாலும் சட்டம் நம் பக்கம்தான். ஆனால் 37-ஆம் பிரிவு ஒரு கடிவாளம் போடுகிறது: தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது.

"அவன் இழுக்கும்போது விளக்குமாத்தால அடிச்சிருந்தா அது தற்காப்பும்மா. கட்டிப்போட்ட பிறகு அடிச்சது வெறும் அடி" என்றார். நான் அடித்த இரண்டும் கட்டிப்போட்ட பிறகுதான். அடித்த கையைப் பார்த்துக்கொண்டேன்.

பிடித்து வைப்பது தப்பில்லை. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் யாரும் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஸ்டேஷனில், "ஆள் மாட்டிட்டான், நகையும் கிடைச்சிடுச்சு, சி.எஸ்.ஆர். போட்டுக்கலாமேம்மா" என்றார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது மட்டும்தான். இதுபோன்ற குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. பறிப்பு இப்போது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. ஏட்டய்யா துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தேன். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கொடுத்தார்கள்.

அவன் கையிலிருந்த துண்டை கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க முடிந்தது. நகை என்னுடையதுதான் என்று காட்ட பில் கேட்டார்கள். இருபத்தைந்து வருடத்துப் பில்லுக்கு எங்கே போவது? கடைசியில் கல்யாண ஆல்பம் கைகொடுத்தது. இன்றைக்கே நகைகளை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். பில்லையும் சேர்த்து எடுங்கள், அந்த மை மங்கிவிடும்.

செயினைப் பற்றவைத்தாயிற்று. பீரோவில் இருக்கிறது. கழுத்தில் மஞ்சள் சரடுதான். மாமியார் என்ன சொல்வாரோ என்று தயங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் தன் இரட்டை வடத்தைக் கழற்றி, "இதையும் உள்ள வை" என்று என் கையில் கொடுத்தார்.